குழாயில் ஒரு மில்லி ஆம்பியர்

அத்தியாயம் 7

அந்தக் குழாயைத் தொட்டால் தங்கவேலு திருப்பித் தொடுகிறான் என்று கெண்டைக்கல் எஸ்டேட் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். தங்கவேலு செத்துப் பதினேழு நாள் ஆகியிருந்தது.

அந்தக் குழாயைத்தான் ஜெஸிந்தா மேடம் என்னைத் தொடச் சொன்னார்.

"ஏனுங்க மேடம், துப்பறியறதுன்னா தொட்டுத்தான் ஆகோணுமுங்களா? எட்ட நின்னு யோசிச்சாப் பத்தாதுங்களா?"

"ரப்பர் ஷூ போட்டிருக்கே இல்ல? சும்மா தொடு, மருது."

மருது என்றால் மருதாசலம். மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, டிரைவரோடு சண்டை போட்டு இறங்கி, இரண்டு வருடமாக மேடத்துக்கு உதவியாளனாக இருக்கிறேன். மேடம் மின்வாரியத்தில் மீட்டர் சோதிக்கும் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது குன்னூரில் ஒரு வர்க்கிக் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவர். எனக்கு உலகத்தில் மூன்று விஷயங்கள் பயம்: கரண்ட், ஆவி, காட்டெருமை. இந்த வீட்டுக் குளியலறையில் முதல் இரண்டும் இருப்பதாகச் சொன்னார்கள். மூன்றாவது வாசலுக்கு எதிரே தேயிலைச் சரிவில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு தொட்டேன். ஒன்றும் இல்லை. சில்லென்ற பித்தளைக் குழாய், அவ்வளவுதான்.

"பாத்தீங்களா? இப்படித்தாங்க எல்லாருமே சொல்றாங்க" என்றாள் இந்துமதி. "பக்கத்து ஊட்டுக்காரங்க வந்து தொட்டாங்க, ஒண்ணுமில்ல. எனக்கு மட்டும் சுருக்குங்குது. பைத்தியம் புடிச்சுருச்சுன்னு பேசறாங்க. இல்லாட்டி தங்கவேலண்ணன் வந்து கையைப் புடிக்கறாருன்னு."

இந்துமதி எஸ்டேட் டிஸ்பென்சரி நர்ஸ். முப்பத்து நாலு வயது. நடுவட்டம் ரோட்டிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர் தள்ளி, மூடுபனிக்குள் நிற்கும் குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கிறாள். மூன்று நாளாக அவள் சரியாகத் தூங்கவில்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"பக்கத்து வீட்டுக்காரங்க எதைப் போட்டுக்கிட்டு வந்தாங்க?" என்று மேடம் கேட்டார்.

"ரப்பர் கம்பூட்ஸுங்க. கொழுந்து எடுக்கற இடத்துல இருந்து அப்படியே வந்தாங்க. அட்டைக்குப் பயந்து எல்லாரும் அதைத்தானே போடுவாங்க?"

"நீ குளிக்க வர்றப்போ வெறுங்கால்." மேடம் என் பக்கம் திரும்பினார். "ஆவி பூட்ஸ் பார்த்துப் பிடிக்காது, மருது. கரண்ட்தான் பார்த்துப் பிடிக்கும்."

மூன்று பயத்தில் ஒன்று குறைந்தது. ஆனால் மிச்சமிருந்த இரண்டும் நிஜமாயின.

மேடம் பையிலிருந்து மீட்டரை எடுத்தார். வாசலில் ஈர மண்ணில் ஒரு இரும்புக் கம்பியை அடித்து, அதில் ஒரு வயரைக் கட்டி உள்ளே கொண்டுவந்தார். மீட்டரின் ஒரு முனை அந்த வயரில், இன்னொரு முனை குழாயில். எண்களைப் பார்த்ததும் நான் கதவோரம் ஒதுங்கிவிட்டேன்.

இருநூற்றிருபது வோல்ட்.

"ஐயோ" என்றாள் இந்துமதி. "வீட்டுக்கு வர்ற முழுக் கரண்டுமா?"

"முழு வோல்டேஜ். முழுக் கரண்ட் இல்ல. ரெண்டும் ஒண்ணு இல்லம்மா. முழுசும் வந்திருந்தா முதல்ல தொட்ட செவ்வாய்க்கிழமையே போயிருப்பே."

ஆறுதல் சொல்வதில் மேடத்துக்கு என்றைக்குமே கைராசி கிடையாது.

பிறகு அறுபது வாட் பல்பு ஒன்றை அதே இரண்டு முனைக்கும் நடுவே மாட்டினார். பல்பு மினுங்கக்கூட இல்லை. தலையை ஆட்டிக்கொண்டு, பல்பை எடுத்துவிட்டு, மீட்டரைக் கரண்ட் அளக்கும் இடத்துக்குத் திருப்பினார்.

"ஒரு மில்லி ஆம்பியர். ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மருது, கண்டக்டர் கணக்கு போடு. வோல்ட்டை ஆம்பியரால வகுத்தா நடுவுல எவ்வளவு தடை இருக்குன்னு தெரியும். இருநூத்தி இருபதை ஆயிரத்துல ஒண்ணால வகு."

"ரெண்டு லட்சத்து இருபதாயிரமுங்க."

"ஓம். அத்தனை ஓம் தற்செயலா வராது. ஈரச் சுவர், பழைய வயர்னா எண் மாறிக்கிட்டே இருக்கும். இது நகராம நிக்குது. எவனோ கணக்குப் போட்டு நடுவுல ஒரு ரெசிஸ்டர் வெச்சிருக்கான்."

இந்துமதி சுவரில் சாய்ந்துகொண்டாள். "என்னைக் கொல்லவா?"

மேடம் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கு" என்று என்னிடம் சொன்னார்.

"புள்ளி இருபத்திரெண்டு."

"கால் வாட்டுக்கும் கீழே. சூடே ஆகாது. அதனால பெருசாத் தேடாதே. அரிசி அளவுல தேடு. குழாய் சுவத்துக்குள்ள நுழையற இடத்துல."

வீட்டின் பின்பக்கம் போனோம். மலை ஊற்றிலிருந்து கறுப்புப் பிளாஸ்டிக் ஹோஸ் இறங்கி வந்து, குளியலறைச் சுவரில் ஒரு சாண் இரும்புக் குழாயோடு சேர்ந்தது. கீசரும் குழாயும் உள்ளே அதே இரும்பில்தான் மாட்டியிருந்தன. பாசிக்குள் விரலை விட்டுத் தடவினேன். பனி முகத்தில் அடித்தது. பின்னால் தேயிலைக்குள் எதுவோ கிளையை ஒடித்துக்கொண்டு நகர்ந்தது. காட்டெருமையாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அன்றைக்கு ஒரு தடவைதான். மனிதனாக இருந்தால் இன்னும் மோசம்.

பனிக்காகப் பகலிலும் எரியும் கொல்லை விளக்கின் வயரிலிருந்து மயிரிழை மாதிரி ஒரு கம்பி இறங்கிவந்து இரும்பைச் சுற்றியிருந்தது. நடுவே கறுப்பு டேப். மேடம் கையுறை போட்டு டேப்பைப் பிரித்தார். உள்ளே அரிசி மணி அளவில் ஒன்று. சிவப்பு, சிவப்பு, மஞ்சள் என்று மூன்று கோடுகள், ஓரத்தில் ஒரு பொன் கோடு.

"ஒவ்வொரு நிறமும் ஒரு எண். ரெண்டு, ரெண்டு, அதுக்குப் பின்னால நாலு சைபர்" என்றார். கொல்லை விளக்கின் சுவிட்சை அணைத்துவிட்டு வயரை வெட்டி, அந்த மணியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

உள்ளே போய்க் குழாயை மறுபடி அளந்தோம். சைபர்.

இந்துமதி அழுதேவிட்டாள். "பைத்தியம் இல்லைங்களே நான்? மூணு நாளாக் குளிக்கலீங்க. டிஸ்பென்சரி வாஷ்பேசின்ல மூஞ்சியக் கழுவிட்டு வர்றேன். போய்க் குளிச்சுட்டு வந்து டீ போட்டுத் தர்றேனுங்க."

"போய்க் குளிம்மா" என்றார் மேடம்.

அதை அவர் சொன்னார் என்பதை நான் எழுதித்தான் ஆக வேண்டும். பிற்பாடு பல நாள் அவரே அதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார்.

நாங்கள் முன்வாசலுக்கு வந்தோம். சுவரில் ஃப்யூஸ் பெட்டி. மேடம் யோசனையோடு அதன் தகரக் கதவைத் திறந்தார்.

இதுவரை எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எஸ்டேட் எல்லையில் காட்டுப்பன்றிக்காகக் கள்ளத்தனமாகக் கரண்ட் வேலி போட்டிருந்தார்கள். அதில் கை வைத்துத் தொழிலாளி தங்கவேலு செத்தார். மாரடைப்பு என்று எஸ்டேட் சொன்னது. அவர் உள்ளங்கையில் கருகிய கோட்டைப் பார்த்து டிஸ்பென்சரி ரிஜிஸ்டரில் எழுதியவள் இந்துமதி. திங்கட்கிழமை அவள் கூடலூரில் விசாரணை அதிகாரி முன்னால் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். இன்றைக்கு வெள்ளி. வேலி போடச் சொன்னவர் அசிஸ்டென்ட் மேனேஜர் ராஜசேகர் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். போட்டவர் எஸ்டேட் வயர்மேன் பாலன். செவ்வாய்க்கிழமையிலிருந்து பாலன் லீவு.

"பாலன்தானுங்க மேடம். வேலியும் அவர், குழாயும் அவர். சாட்சியைப் பயமுறுத்தி ஊரை விட்டுத் துரத்தறாங்க. கேஸ் முடிஞ்சுது. இருட்டறதுக்குள்ள குன்னூர் போயிரலாமுங்க."

"இங்க பாரு."

கதவின் உள்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. பாலன் எந்த வீட்டில் வேலை செய்தாலும் ஃப்யூஸ் பெட்டிக்குள் எழுதி வைப்பாராம். தேதி, செய்த வேலை, போட்ட கணக்கு. மனக்கணக்கு வராத மனிதர் போலிருக்கிறது. பத்து வருட எழுத்து இருந்தது. 'கொல்லை விளக்கு. எர்த் சரி. பா.' 'சமையல் பிளக். எர்த் சரி. பா.' ஒவ்வொரு வரியும் அப்படியே முடிந்தது, கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் வயர் சரியாக இருக்கிறது என்று.

கடைசியில் செவ்வாய்க்கிழமைத் தேதி. 'புது கீசர் 2000 வாட். 26 ஓம்.' அதோடு நின்றிருந்தது.

அதற்குக் கீழே, இன்னும் அழுத்தமாக: '220 ÷ 2,20,000 = 1 மி.ஆ. போதும்.'

"போதும்" என்று மேடம் முணுமுணுத்தார். "எதுக்குப் போதும்? ஆளைக் கொல்லப் போதாது. ஊரை விட்டுத் துரத்தவும் போதாது, அவ இங்கேயேதான் இருக்கா. மூணு நாளா அவ செய்யாத வேலை என்ன, மருது?"

"குளிக்கறதுங்க."

மேடத்தின் முகம் வெளுத்ததை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். அவர் விரல் 'புது கீசர்' என்ற வரியின் முடிவில், ஒன்றும் எழுதாத இடத்தில் நின்றது. 'எர்த் சரி' அங்கே இல்லை.

உள்ளே சுவிட்ச் போடும் சத்தம் கேட்டது. பக்கெட் தரையில் வைக்கும் சத்தம்.

"இந்து! குழாயைத் தொடாதே!" மேடம் கத்திக்கொண்டே உள்ளே ஓடினார். "மருது, ஃப்யூஸைப் பிடுங்கு!"

நான் கண்டக்டர். விசில் ஊதி வண்டியை நிறுத்தத் தெரியும். ஃப்யூஸைப் பிடுங்கி எனக்குப் பழக்கமில்லை. கை ஈரம். பீங்கான் பிடி பாசி பிடித்து வழுக்கியது. செத்தால் செத்தேன் என்று இரண்டு கையாலும் இழுத்தேன். பிடி கையோடு வந்தது, நான் பின்பக்கமாகச் சேற்றில் உட்கார்ந்தேன்.

உள்ளே சத்தமே இல்லை. அந்தச் சில நொடிகளில் பயந்த மாதிரி நான் என்றைக்குமே பயந்தது கிடையாது.

"கரண்ட் போயிருச்சுங்களா?" இந்துமதியின் குரல்.

அதே நேரம் தேயிலைச் சரிவிலிருந்து ஒருவர் விழுந்து எழுந்து ஓடிவந்தார். காட்டெருமை மிரண்டு ஒதுங்கியது. "கீசர்! கீசர் போடாதீங்க சிஸ்டர்! நாங் கட்டுன வயர அறுத்துப்போட்டாங்களே!" என்று கத்திக்கொண்டே வந்து, என் கையில் இருந்த ஃப்யூஸைப் பார்த்ததும் வாசற்படியில் அப்படியே மடங்கி உட்கார்ந்தார். மூன்று நாள் தாடி. உடம்பெல்லாம் அட்டை கடித்த ரத்தம். லீவில் ஊருக்குப் போகாத வயர்மேன் பாலன்.

மேடம் முதலில் கீசரைத்தான் பார்த்தார். மூடியைக் கழற்றி மீட்டரை வைத்தார். சூடேற்றும் சுருளுக்கு இருபத்தாறு ஓம். இரண்டாயிரம் வாட் கீசருக்கு அது சரியான அளவு. கரண்ட் வரும் முனைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே அளந்தார். நடுவே எந்தத் தடையும் இல்லாமல் சைபர் காட்டியது. எர்த் வயர் உள்ளேயே வெட்டப்பட்டிருந்தது.

"ஈர உடம்புக்கு ஆயிரம் ஓம்னு வெச்சுக்கோ" என்றார் மெதுவாக. "இருநூத்தி இருபதை ஆயிரத்தால வகுத்தா இருநூத்தி இருபது மில்லி ஆம்பியர். அதுல கால் பங்கு கூட வேண்டாம், நெஞ்சு நின்னுடும். பதினஞ்சு ஆம்பியர் ஃப்யூஸ் அதைக் கண்டுக்கவே கண்டுக்காது. அதே குழாயில கொஞ்ச நேரம் முன்னால வரைக்கும் ஒரு மில்லி. அந்த ஒண்ணு தடுத்துக்கிட்டிருந்த வாசலை நான் என் கையால திறந்து விட்டிருக்கேன்."

இந்துமதி நைட்டிக்கு மேல் ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டு பாலன் முன்னால் உட்கார்ந்தாள். "ஏனுங்கண்ணா, எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுல்ல?"

"எப்படிச் சொல்றதுங்க சிஸ்டர்? ஏ.எம். ராஜசேகர் சார் கூடவே நின்னாரு. கீசரை நாஞ் சொல்ற மாதிரி மாட்டு, இல்லாட்டி வேலிக்கு நீதான் ஜெயிலுக்குப் போவேன்னாரு. மாட்டிட்டேன். அவரு ஜீப்புல ஏறினதும் பின்னால போயி இதைச் சுத்தினேன். நீங்க பயந்துக்கிட்டுக் குளிக்கப் போகாம இருந்தாப் போதும்னு இருந்துச்சு. மூணு நாளா அந்தக் காட்டுல ஒக்காந்து உங்க ஊட்டையே பாத்துட்டிருக்கேன்."

"கணக்கு எழுதியிருக்கீங்களே" என்றார் மேடம். "ஒரு மில்லின்னு."

பாலன் தலையைக் குனிந்துகொண்டார். "வேலிக்குக் கணக்குப் போடாம விட்டுட்டேனுங்க. நேரா மெயின்ல குடுன்னாரு, குடுத்துட்டேன். தங்கவேலண்ணன் என்னோட ஒண்ணா டீ குடிக்கறவரு. அதனால இதுக்கு மட்டும் மூணு தடவ போட்டுப் பாத்தேன்."

"திங்கட்கிழமை இதைச் சொல்லுவீங்களா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் வளைவில் ஜீப் சத்தம் கேட்டது.

இந்துமதி எழுந்த வேகத்தில் பக்கெட் உருண்டது. "அவருதானுங்க. தெனமும் டிஸ்பென்சரிக்கு வந்து கீசர் எப்படி இருக்குன்னு கேப்பாரு. இன்னிக்கு நான் லீவு."

பாலன் எழுந்து கதவுக்குப் பின்னால் ஒதுங்கினார். நானும்தான், மறைத்து என்ன ஆகப்போகிறது? மேடம் மட்டும் ஒதுங்கவில்லை. பாலனைச் சமையலறைக்குள் தள்ளினார். கீசர் சுவிட்சின் மேல் ஒரு துண்டைத் தொங்கவிட்டார், அதன் சிவப்பு விளக்கு எரியாதது தெரியக்கூடாது என்று. குளியலறைத் தகரக் கதவைத் திறந்து வைத்தார். என் செல்போனை வீடியோவில் போட்டு என் சட்டைப் பையில், கேமராக் கண் வெளியே தெரிய நிறுத்தினார். ஃப்யூஸ் என் பேன்ட் பையில் கனத்தது. இந்துமதியின் காதில் ஏதோ சொன்னார். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். மேடம் மறுபடி சொன்னார். அவள் என் பேன்ட் பையையே பார்த்தாள். நான் ஃப்யூஸை வெளியே இழுத்துக் காட்டிவிட்டு உள்ளே வைத்துக்கொண்டேன்.

ராஜசேகர் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். காலில் ஈரச் சாக்ஸ், கையில் ஜீப் கிரீஸ், முகத்தில் நல்ல சிரிப்பு. பார்த்தால் யாரும் கெட்டவர் என்று சொல்ல மாட்டார்கள்.

"சிஸ்டர், லீவு போட்டிருக்கீங்கன்னாங்க. ஒடம்பு சரியில்லையான்னு பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன். இவங்க?"

"குன்னூர்ல இருந்து எங்க சித்தியும் சித்தப்பாவுமுங்க" என்றாள் இந்துமதி. எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. அதைச் சொல்ல அது நேரமில்லை.

"வாங்க சார்" என்றார் மேடம். "கையெல்லாம் கிரீஸா இருக்கே. கீசர் போட்டு அரை மணி நேரமாச்சு, சுடுதண்ணி இருக்கு. கழுவிட்டு உட்காருங்க, டீ சாப்பிடலாம்."

ராஜசேகர் குளியலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "பரவாயில்ல, ஃபேக்டரியில கழுவிக்கறேன்" என்று கையைப் பேன்ட்டில் துடைத்தார். நல்ல பேன்ட்.

"அப்ப நீ கை கழுவிட்டு வாம்மா, டீ போடலாம்."

இந்துமதி போனாள். வெறுங்காலோடு, ஈர சிமெண்ட் தரையில். கரண்ட் இல்லை என்று எனக்குத் தெரியும். அது என் பையில் இருக்கிறது. இருந்தும் பைக்குள் கையை விட்டு ஃப்யூஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அவள் தோள் நடுங்குவது எனக்குத் தெரிந்தது.

ராஜசேகர் தகரக் கதவில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவளை நிறுத்த ஒரு வார்த்தை போதும். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை.

இந்துமதியின் கை குழாயை நோக்கி நீண்டது. அவர் கதவிலிருந்து கையை எடுத்தார். ஈரத் தரையிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்து, வாசலில் கிடந்த காய்ந்த கயிற்று மிதியடியின் மேல் இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டார். என் சட்டைப் பையில் செல்போன் அதை முழுசாகப் பார்த்தது. சமையலறைக் கதவிடுக்கில் பாலனும் பார்த்தார். அவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து நின்றார்.

குழாய் திறந்தது. தண்ணீர் கொட்டியது. நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் கழுவுவது போல இந்துமதி முழங்கை வரை நிதானமாகக் கழுவினாள். பிறகு ராஜசேகரின் பக்கம் திரும்பினாள். அவள் நடுக்கம் நின்றிருந்தது.

"தண்ணி ஜில்லுன்னு இருக்குங்க சார்" என்றாள். "அன்னிக்குத் தங்கவேலண்ணன் கையும் இப்படித்தான் இருந்துச்சு."